ஒரு கட்டைவிரலால் ஓட்டிய விமானம்

எனக்கு இடது கையில் கட்டைவிரல் கிடையாது. வளைகுடாவில் இரும்புத் தகடு வளைக்கும் பட்டறையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் சிக்கி நசுங்கிப்போனது. அடியோடு எடுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்து அன்னவாசலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தேன். மிக்ஸி, மின்விசிறி, கிணற்று மோட்டார் என்று எது எரிந்துபோனாலும் கொண்டு வந்து போடுவார்கள். மிச்சமிருக்கிற விரல்களால் செம்புக் கம்பியை இழுத்துச் சுற்றப் பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. சட்டைப் பொத்தான் போடுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் பழகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான், கடையில் வேலை குறைந்த ஒரு மத்தியானம், போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். ஒருவர் திறந்த வெளியில் நின்று ரிமோட்டில் ஒரு சின்ன விமானத்தை ஓட்டுகிறார். அது மேலே ஏறி, சாய்ந்து, வளைந்து, அவர் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி வருகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் விமானத்தைப் பார்க்கவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்தி அவருடைய கைகளைப் பார்த்தேன். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இரண்டையும் இரண்டு கட்டைவிரல்களால் அசைத்துக்கொண்டிருந்தார்.

இது நம்மால் முடியாது என்று நினைத்த அந்த நிமிடமே இதைச் செய்தே ஆக வேண்டும் என்றும் தோன்றிவிட்டது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. காயில் கட்டுவதும் பொத்தான் போடுவதும் வேறு வழியில்லாமல் பழகியவை. இதை நானாகப் போய்ப் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எந்த விமானம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சிவப்பு நிறத்தில், பழைய போர் விமானம் மாதிரி, இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கிற ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். சக்கரங்கள் பறக்கும்போது தானாக உள்ளே மடங்கிக்கொள்ளும். சென்னையில் இந்த மாதிரிச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயதுதான்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஓட்டியிருக்கீங்களா சார்?"

"இல்லீங்க. இதுதான் மொதல்."

"அப்ப அந்தச் செவப்பு வேணாம் சார். மொத நாளே ஒடச்சிருவீங்க."

விற்கிறவர்களே வேண்டாமென்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "ஒடஞ்சா ஒட்டிக்கிறேங்க. நான் ரிப்பேர் கடைதான் வச்சிருக்கேன்" என்றேன்.

அவர் விடவில்லை. அந்தச் சிவப்பு விமானம் வேகமாகப் போகும், ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்துகொண்டே போகும், நாம் நிமிர்த்தினால்தான் நிமிரும் என்றார். "மொதல்ல வாங்குறது எப்படி இருக்கணும்னா, பயந்துபோயி நீங்க கைய எடுத்தீங்கன்னா அது தானா நேராகிக்கணும் சார். எறக்கை மேல இருக்கணும். ரெண்டு பக்கமும் லேசா தூக்குனாப்ல இருக்கணும். மெதுவாப் போகணும். பாக்க சுமாராத்தான் இருக்கும்."

அவர் அவ்வளவு அக்கறையாகப் பேசியதால் நானும் விஷயத்தைச் சொன்னேன். இடது கையில் கட்டைவிரல் இல்லை, எடுத்தாச்சு.

மறுமுனையில் ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு நாள் டைம் குடுங்க சார். நானே கூப்புடுறேன்" என்றார்.

கூப்பிடமாட்டார் என்றுதான் நினைத்தேன். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தயங்குகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். விபத்துக்குப் பிறகு அந்தக் குரலை நிறையக் கேட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"சார், இன்னைக்குக் காலைல கிரவுண்டுக்குப் போயிருந்தேன். எடது கட்டைவிரல உள்ளங்கையோட மடக்கி டேப் சுத்திக்கிட்டு ஓட்டிப் பாத்தேன்."

நான் என் இடது கையைப் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு பிளேன் போச்சு. பரவால்ல, பழசுதான்" என்று சிரித்தார். "ஆனா இப்ப எனக்குத் தெரியும், என்ன வேலைக்காகும், என்ன ஆகாதுன்னு."

அவர் கண்டுபிடித்தது இதுதான். வழக்கமான விமானத்துக்கு இரண்டு கட்டைவிரலும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். ஆனால் பழகுகிறவர்களுக்கென்று மூன்றே கட்டளைகளில் ஓடும் மூன்று சேனல் விமானம் ஒன்று உண்டு. அதில் திருப்புவது, ஏற்றி இறக்குவது இரண்டும் வலது குச்சி. இடது குச்சி மோட்டாரின் வேகத்துக்கு மட்டும்தான். ஒரு அளவில் வைத்துவிட்டால் அங்கேயே நிற்கும். ரிமோட்டைக் கையில் தாங்கக் கூடாது, கழுத்தில் பட்டை மாட்டித் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். இடது குச்சியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கிக்கொள்ள வேண்டும்.

"இன்னொண்ணு சார். மோட்டார் மூக்குல இருக்கிறது வேணாம். எறக்கைக்கு மேல, பின்பக்கம் பாத்து இருக்கிறத அனுப்புறேன். மூக்கு குத்தி விழுந்தாலும் விசிறி ஒடையாது. நீங்க குத்துவீங்க. எல்லாரும் குத்துவாங்க."

நான் சரியென்றேன். சிவப்பு விமானத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

பார்சல் வந்தது. பிரித்ததும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். ட்யூட்டி முடிந்து வந்து சேலைகூட மாற்றாமல் நின்றாள். உள்ளே வெள்ளை ஃபோமில் செய்த உடம்பு, நீளமான ஒற்றை இறக்கை, தலையில் கொண்டை வைத்த மாதிரி மோட்டார்.

"இதுக்கா இத்தன நாளு ராத்திரி பகலா போனப் பாத்துக்கிட்டு இருந்தீங்க? கொக்கு மாதிரில்ல இருக்கு."

"பறக்கும்போது பாரு."

"பறக்கட்டும், பாக்குறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

உடனே பறக்கவிடவில்லை. கடைக்காரப் பெண் அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் இணைத்துத் திரையிலேயே ஓட்டிப் பழகும் ஒரு மென்பொருள் இருக்கிறது, அதில் விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் நிஜம் என்றார். கடையில் பில் போட வைத்திருந்த பழைய லேப்டாப்பில் அதை ஏற்றினேன். தினமும் கடை சாத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருவேன்.

விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது ஒன்றும் சிரமமில்லை. வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம் திரும்பும். அது திரும்பி நம்மைப் பார்த்து வரும்போதுதான் தலை சுற்றும். அதனுடைய வலது இப்போது நம்முடைய இடது. மூளைக்கு அது தெரியும், விரலுக்குத் தெரியாது. திரையில் எத்தனை விமானங்களை மண்ணில் குத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. நம்மைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ள வேண்டும். தாழ்ந்த இறக்கைக்குக் கீழே முட்டுக்கொடுத்துத் தூக்குகிற மாதிரி நினைத்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு வலது இடது என்று யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

பங்குனியில் எங்கள் பக்கத்துக் கண்மாய் முழுக்கக் காய்ந்து கிடந்தது. கரைக்கு உள்ளே பெரிய பொட்டல். ஒரு ஓரத்தில் மட்டும் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கும். மின்கம்பி கிடையாது, வீடு கிடையாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் காற்றும் இருக்காது. இடம் இதுதான் என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் நான் யோசிக்காத ஒரு சிக்கல் வந்தது. கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. சக்கரம் மாட்டினாலும் ஓடிக் கிளம்ப முடியாது. கையால் எறிந்துதான் கிளப்ப வேண்டும். எறிவதற்கு ஒரு கை போய்விட்டால், இரண்டு விரலில் இடுக்கிய குச்சியோடு ரிமோட்டை என்னால் சமாளிக்க முடியவில்லை. எறிவதற்கு வேறு ஆள் வேண்டும்.

மனைவியிடம் கேட்டேன். "நானா?" என்றாள். பிறகு, "ஸ்கூல்ல ஈட்டி எறிஞ்சிருக்கேன், தெரியும்ல? மாவட்டப் போட்டி வரைக்கும் போயிருக்கேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாது. யாரும் கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விமானத்தின் வயிற்றைப் பிடித்தாள். நான் மோட்டாரை முழு வேகத்துக்குத் தள்ளி, "எறி" என்றேன். நாலு எட்டு ஓடி வந்து, உடம்பை வளைத்து, வானத்தைப் பார்த்து வீசினாள். உண்மையிலேயே நல்ல வீச்சு. விமானம் செங்குத்தாக மேலே போனது. போய், தென்னை உயரத்தில் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு நேராகக் கீழே வந்து குத்தியது.

இரண்டு பேரும் ஓடினோம். மூக்கு நசுங்கியிருந்தது. விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நான் எறிஞ்சது தப்பா, நீங்க ஓட்டுனது தப்பா?" என்றாள்.

"ரெண்டும்தான்" என்றேன். அவள் ஈட்டியை எறிகிற மாதிரி எறிந்தாள். ஈட்டிக்கு மேல்நோக்கி வீச வேண்டும். விமானத்துக்கு வீட்டு நிலைப்படிக்குள் தள்ளுகிற மாதிரி நேராகத் தள்ள வேண்டும். அவள் மேல்நோக்கி வீசியதும் நான் மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டும். நான் எதுவுமே செய்யாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்கை வெந்நீரில் முக்கினால் நசுங்கிய ஃபோம் உப்பிக்கொள்ளும். மீதியைப் பசை போட்டு ஒட்டினேன். அடுத்த ஞாயிறு அவள் நேராகத் தள்ளினாள். விமானம் பறந்தது. நான் ஒரு வளைவு எடுத்தேன். இரண்டாவது வளைவில் என் இடது கை வேர்த்து, விரலிடுக்கிலிருந்து குச்சி நழுவியது. திரும்பப் பிடிக்கப் போன அவசரத்தில் அதைக் கீழே இழுத்துவிட்டேன். மோட்டார் நின்றுவிட்டது. விமானம் தாழ வந்து பாளத்தில் மோதி இறக்கை இரண்டாகப் போனது.

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது. விழுந்ததற்காக அல்ல. வலது கை சரியாகத்தான் செய்தது. தோற்றது அந்த இடது கைதான்.

வீட்டுக்கு வந்தால் கறம்பக்குடியிலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். அங்கே விவசாயம் பார்க்கிறவர். உடைந்த இறக்கையைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒனக்கு எதுக்குடா இந்த வெளாட்டு? கை நல்லா இருக்கிறவனே இதெல்லாம் செய்யமாட்டான். ஊருல சிரிக்கிறாங்கடா."

"யாரு சிரிக்கிறா?"

"யாரோ சிரிக்கிறாங்க. அத விடு."

அவருக்கு என்மேல் பிரியம் அதிகம். விபத்தின்போது ராத்திரி முழுக்கப் போனில் அழுதவர். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சோறு போடச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் வரமாட்டார்கள்.

ரிமோட்டை மேஜைமேல் வைத்து அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழுவழுப்பான உலோகம், குட்டை. கட்டைவிரலின் நுனி வைத்து அழுத்துவதற்காகச் செய்தது. என் விரல்கள் பக்கவாட்டிலிருந்து பிடிக்கின்றன. அப்படியானால் குச்சியைத்தான் மாற்ற வேண்டும். ஒரு பேனா மூடியை அறுத்து, உள்ளே பசை விட்டுக் குச்சியின்மேல் செருகினேன். உயரம் கிடைத்தது. அதன்மேல் காயிலுக்குச் சுற்றும் பருத்தி நாடாவை இறுக்கிச் சுற்றினேன். வேர்வை பட்டால் நாடா ஊறிக்கொள்ளும், வழுக்காது. இரண்டு விரலால் இடுக்கிப் பார்த்தேன். வேண்டுமென்றே கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். நழுவவில்லை.

அன்று சாயங்காலம் வரை திரையில் ஓட்டினேன். இறக்கையையும் ஒட்டினேன். பல் குத்தும் குச்சிகளை இரண்டு துண்டுக்கும் குறுக்கே செருகி, பசை போட்டு, மேலே பார்சல் டேப். அசிங்கமாக இருந்தது. உறுதியாக இருந்தது.

அடுத்த தடவை நாங்கள் போனபோது கண்மாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரத்துவாய்க்கால் பக்கம் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். விமானத்தைப் பார்த்ததும் ஒரு அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டார்.

"ஏந்தம்பி, அதுல கேமரா இருக்கா? எங்க வேலைய அளவெடுக்க அனுப்பிச்சாங்களா?"

"கேமராலாம் இல்லத்தா. சும்மா பறக்குறது."

"சும்மாவா?" அவர் நம்பவில்லை. கிட்டே வந்து விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப் ஒட்டிய இறக்கையைத் தட்டினார். பிறகு என் கையைப் பார்த்தார். "அங்கிட்டுத் தள்ளி விடுங்க. எங்க தல மேல வந்து விழுந்துறாம" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நியாயம்தான். நாங்கள் கண்மாயின் மறுகோடிக்குப் போனோம். அங்கேயிருந்து கருவேலங்காடு கிட்டே.

மனைவி தள்ளினாள். விமானம் ஏறியது. ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்று. குச்சி நழுவவில்லை. நான் மோட்டாரைப் பாதிக்குக் குறைத்தேன். விமானம் அமைதியாகி, சோம்பலாக மிதக்கிற மாதிரி வந்தது. தூரத்தில் மண் வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. எனக்குள்ளே ஏதோ தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு காற்று கிளம்பியது.

வெயில் ஏறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. விமானம் காற்றோடு காற்றாகக் கருவேலங்காட்டை நோக்கிப் போனது. திருப்பினேன். திரும்பியது, ஆனால் எதிர்க்காற்றில் முன்னேறவில்லை. மோட்டாரைக் கூட்டினேன். மூக்கு மேலே தூக்கி இன்னும் பின்னால் போனது. சின்னதாகிக்கொண்டே போய், அது என்னைப் பார்க்கிறதா, முதுகைக் காட்டுகிறதா என்றே தெரியாமல் போனது. பிறகு காட்டுக்குள் இறங்கி மறைந்தது.

"எங்க விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"குத்துமதிப்பா."

சீமைக்கருவேலங்காட்டுக்குள் குத்துமதிப்பாகத் தேடினால் கிடைக்காது. உடம்பெல்லாம் முள் கிழித்ததுதான் மிச்சம். திரும்பிப் போகலாம் என்று நினைத்தபோது ரிமோட் இன்னும் கழுத்தில் தொங்குவது உறைத்தது. பேட்டரி தீரவில்லை என்றால் விமானம் இன்னும் நான் சொல்வதைக் கேட்கும். மோட்டாரைச் சுற்றவிட்டால் எதிலாவது சிக்கிக் கருகும், அது வேண்டாம். வலது குச்சியை அசைத்தால் வாலில் உள்ள மடல்கள் ஆடும், அவற்றை ஆட்டுகிற குட்டி மோட்டார்கள் கீச்சென்று சத்தம் போடும்.

நான் காட்டின் விளிம்பில் நின்று குச்சியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவள் உள்ளே போனாள். ஒரு மயில் விடாமல் அகவிக்கொண்டிருந்தது. "ஏ, சும்மா இரு" என்று அவள் அதை அதட்டுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். "ஆட்டுங்க." ஆட்டினேன். "நிறுத்துங்க." இப்படியே குரல் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில், "இருக்கு, இருக்கு! ரெண்டாள் ஒசரத்துல தொங்குது!" என்று கத்தினாள்.

ஒரு நீளக் கம்பை ஒடித்துத் தட்டி இறக்கினோம். வாலில் ஒரு மடல் மட்டும் பிய்ந்திருந்தது. அவள் கையிலும் கன்னத்திலும் முள் கீறல்கள். வீட்டுக்குப் போய் அவளே மருந்து தடவிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்தபடியே, "வெயில் ஏறுனா எறக்கிறணும். இனிமே நான் சொல்லும்போது எறக்கணும், சரியா?" என்றாள். சரியென்றேன். அன்றிலிருந்து காற்றைப் பார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு கொத்துக் காய்ந்த புல்லை உதிர்த்துப் பார்த்துவிட்டு, எறியலாமா வேண்டாமா என்று அவள்தான் சொல்வாள்.

பறப்பது வந்துவிட்டது. இறங்குவது வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் பயந்து மூக்கைத் தூக்கிவிடுவேன், விமானம் தொபுக்கென்று விழும். கடைக்காரப் பெண்ணுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டுப் போன் போட்டார்.

"சார், நீங்க தரையப் பாத்துப் பயப்படுறீங்க. எறங்குறதுக்குன்னு தனியா ஒண்ணும் செய்யாதீங்க. தூரத்துலயே மோட்டாரக் கொறச்சிட்டு, வர விடுங்க. முழங்கால் ஒசரம் வந்ததும் மோட்டாரச் சுத்தமா நிறுத்திட்டு, லேசா, கொஞ்சூண்டு மூக்கத் தூக்குங்க. அவ்ளோதான்."

மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது இடது கையின் வேலை. குறைத்து, இன்னும் குறைத்து, கடைசியில் நிறுத்துவது. சித்திரை முழுக்க அதையேதான் செய்தோம். எறிவது, ஒரு சுற்று, இறக்குவது. எறிவது, ஒரு சுற்று, இறக்குவது. தொபுக், தொபுக். அவள் தோள் வலிக்கிறது என்பாள், பிறகு மறுபடியும் எறிவாள். வாலை ஒட்டினேன், வயிற்றை ஒட்டினேன். பசையும் டேப்பும் சேர்ந்து விமானம் கொஞ்சம் கனமாகவே ஆகிவிட்டது.

ஒரு காலை அது இறங்கியது. எந்த விசேஷமும் இல்லாத நாள். அவள் தள்ளினாள், நான் கரையோரமாகச் சுற்றி வந்தேன், தூரத்தில் மோட்டாரைக் குறைத்தேன். விமானம் என்னை நோக்கி வந்தது. இடது இறக்கை தாழ்ந்தது, முட்டுக்கொடுத்தேன், நிமிர்ந்தது. இடது கையின் இரண்டு விரல்களும் நாடா சுற்றிய குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை, நினைக்கவும் இல்லை. முழங்கால் உயரத்தில் மோட்டார் நின்றது. லேசாக மூக்கைத் தூக்கினேன். வயிறு தரையைத் தொட்டு, சர்ரென்று கொஞ்ச தூரம் தேய்த்துக்கொண்டு வந்து, எங்கள் காலடிக்குப் பக்கத்தில் நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்பத் தெரியாத்தனமா எறங்குச்சா, தெரிஞ்சு எறக்குனீங்களா?"

"எறி. காட்டுறேன்."

எறிந்தாள். இறக்கிக் காட்டினேன். கடைசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவள் ட்யூட்டிக்கும் நேரமாகிவிட்டது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள், பாதி வழியில் என் முதுகில் தட்டி, "கொக்கு நல்லாத்தான் பறக்குது" என்றாள்.

அண்ணன் அடுத்த முறை வந்தபோது கண்மாய்க்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்றவரை என் மனைவிதான் பேசி இழுத்து வந்தாள். ஓட்டி, இறக்கினேன். அவர் விமானத்தைப் பார்க்கவே இல்லை. நான் வீடியோவில் அந்த மனிதரின் கைகளைப் பார்த்த மாதிரி என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னொரு தடவ விடு, பாப்போம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. கறம்பக்குடியில் யாரோ கேட்டதற்கு, "என் தம்பி பிளேன் ஓட்டுறான்" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேட்டவர்கள் நான் பைலட் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்களாம்.

ஆடியில் காற்று ஓயவில்லை, வாரக்கணக்கில் விமானம் பரணில் கிடந்தது. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்துவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது, நாங்களும்தான். ஆனால் எங்கள் மைதானம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள், பொட்டல் காடுகளில் மின்கம்பி, தைலமரம்.

வளைகுடாவில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த பாய் ஒருவர் இப்போது கட்டுமாவடியில் மீன் ஏலத்துக்கு எடுத்து வெளியூர்களுக்கு அனுப்புகிறார். பேச்சுவாக்கில் அவரிடம் இடம் இல்லாத கதையைச் சொன்னேன்.

"கடக்கரையில எடத்துக்கா பஞ்சம்? வா மாப்ள. தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வா. சோறு நம்ம வீட்டுல."

மழை விட்ட ஒரு ஞாயிறு கட்டுமாவடிக்குப் போனோம். தண்ணீர் உள்வாங்கியிருந்த நேரம். படகுகள் கட்டியிருந்த இடத்தைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத கரையாகப் பார்த்து பாய் கூட்டிப்போனார். கடல்காற்று ஒரே சீராக வீசிக்கொண்டிருந்தது. மனைவி கொஞ்சம் மணலை எடுத்து விரலிடுக்கில் வடியவிட்டாள். மணல் சாய்ந்து விழுந்தது. ஆனால் ஒரே மாதிரி விழுந்தது, விட்டுவிட்டு அடிக்கவில்லை.

"என்ன சொல்ற?"

கடலைப் பார்த்தாள். மறுபடியும் மணல் எடுத்து வடியவிட்டாள். "விடலாம். ஆனா ரொம்ப தூரம் போகவேணாம். தண்ணிப் பக்கம் போகவே வேணாம்."

பாய் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அவள் காற்றுக்கு எதிராக நின்று தள்ளினாள். கையை விட்டதுமே விமானம் லிஃப்டில் போகிற மாதிரி எழும்பியது. கண்மாயில் நான் பார்க்காத பறத்தல் அது. கடலை நோக்கித் திருப்பினால் நின்ற இடத்திலேயே மிதந்தது. முதுகைக் காற்றுக்குக் கொடுத்தால் அம்பாகப் பாய்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் மோட்டாரைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. இடது கைக்கு ஓய்வே இல்லை. அது தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எறக்குங்க. காத்து கூடுது" என்றாள் அவள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் திருப்பினேன். மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, மோட்டாரைக் குறைத்தேன். விமானம் முன்னால் வருவதற்குப் பதிலாக, யாரோ நூல் கட்டி இறக்குகிற மாதிரி, அப்படியே நின்ற நிலையில் கீழே வந்தது. ஈர மணலில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

பாய் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். எத்தனை ஒட்டு, எத்தனை டேப் என்று விரலால் தடவிப் பார்த்தார்.

"இத எங்க மாப்ள வாங்குன?"

"சென்னையில. வேற ஒண்ணு கேட்டேன், இதக் குடுத்தாங்க."

"நல்லதத்தான் குடுத்திருக்காங்க" என்றார்.

மனைவி விமானத்தைத் தூக்கி, வயிற்றில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள். இன்னொரு பேட்டரி பையில் இருந்தது. நான் அதை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு கைப்பிடி மணலை அள்ளிக்கொண்டு காற்றைப் பார்த்து நின்றாள்.